பறையை நிறுத்து, இறங்கி நட: போரில் செத்தவருக்கு முன்னால் எப்படி நிற்பது?

செத்தவீட்டுக்குப் போனால் திரும்பும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது. இது எங்கட ஊர்களில் எழுதி வைக்காத சட்டம். பேசாமல் எழும்பி, படலையைத் தாண்டி, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்த வீட்டுக்காரரோடு பத்து வருசமாகக் கதைக்காமல் இருந்தாலும் செத்தவீட்டுக்குப் போகாமல் விடக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்த இன்னொரு சட்டம். வேலிச் சண்டை, காணிச் சண்டை, கலியாணத்துக்குச் சொல்லாத கோபம் எல்லாம் அன்றைக்கு மட்டும் படலைக்கு வெளியே நிற்கும்.

சாதாரணச் சாவுக்கு இவ்வளவு ஒழுங்கு வைத்திருக்கும் எங்களிடம், போரில் செத்தவருக்கு முன்னால் எப்படி நிற்பது என்று கேட்டால் ஒரு பதில் இல்லை. இந்தத் தீவில் முப்பது வருசம் போர் நடந்தது. சீருடையோடு செத்தவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆனால் 'எங்கட ஆள்' செத்தால் என்ன செய்வது என்று மட்டும்தான் ஒவ்வொரு பக்கமும் படித்து வைத்திருக்கிறது. மற்றவன் செத்தால்? அதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது, அதுவும் இதே மண்ணிலேயே எழுதப்பட்டது என்பதை நினைவுபடுத்தத்தான் இந்தக் கட்டுரை.

எல்லாளனின் செத்தவீடு

மகாவம்சத்தின் 25ஆவது அத்தியாயம் துட்டகைமுனுவின் போரைச் சொல்கிறது. அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன், நகரத்தின் தெற்கு வாசலருகே யானைச் சண்டையில் விழுகிறான். அதற்குப் பிறகு வருவதை நாங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு வரியில் படித்துவிட்டுக் கடந்திருப்போம். வென்றவன் முரசறைந்து சுற்றுவட்டாரத்துச் சனத்தையெல்லாம் கூப்பிடுகிறான். தோற்ற அரசனின் உடலுக்கு மரியாதையாக ஈமச்சடங்கு செய்கிறான். விழுந்த இடத்திலேயே எரியூட்டி, அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, அதை வணங்கவேண்டும் என்று ஆணையிடுகிறான். இலங்கையின் அரசர்கள் அந்த இடத்தை நெருங்கும்போது இன்றைக்கும் தங்கள் வாத்தியங்களை நிறுத்துகிறார்கள் என்று மகாவம்சம் எழுதுகிறது. அந்த 'இன்றைக்கும்' சம்பவத்துக்கு அறுநூறு, எழுநூறு வருசங்களுக்குப் பிந்திய 'இன்றைக்கு'.

வாத்தியத்தை நிறுத்துவதோடு, பல்லக்கிலோ குதிரையிலோ வந்தால் இறங்கி நடப்பதும் வழக்கமாகச் சேர்ந்துகொண்டது. 1818இல் ஆங்கிலேயருக்கு எதிரான ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு, கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை தப்பி ஓடுகிறார். ஆள் களைத்துப் போய், நடக்கவே ஏலாத நிலை. ஆனாலும் எல்லாளன் சமாதி இருக்கும் பகுதி வந்ததும் பல்லக்கை விட்டு இறங்குகிறார். சரியான இடம் எதுவென்று அவருக்குத் தெரியாது. அதனால், அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று உறுதியாகும் வரை நடந்துகொண்டே போகிறார். இதை எழுதி வைத்தவர் ஜொனதன் போர்ப்ஸ் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி. 1840இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது.

ஒரு சிங்களப் பிரதானி, உயிருக்குப் பயந்து ஓடும்போது, ஏறக்குறைய இரண்டாயிரம் வருசத்துக்கு முன் செத்த ஒரு தமிழ் அரசனுக்காகப் பல்லக்கை விட்டு இறங்குகிறார். இதைப் படிக்கும்போது எங்களுக்கு ஒரு பெருமூச்சு வரும். ஆனால் அவசரப்பட்டு இதை ஒரு நல்லிணக்கக் கதையாக்கிவிடக்கூடாது. ஏனென்றால் அதே 25ஆவது அத்தியாயத்தில்தான் மற்றக் கதையும் இருக்கிறது. இத்தனை பேரைக் கொன்றுவிட்டேனே என்று வருந்தும் துட்டகைமுனுவைத் தேற்ற எட்டு அரஹந்தர்கள் வருகிறார்கள். நீ கொன்றது உண்மையில் ஒன்றரை மனிதரைத்தான் என்கிறார்கள். திரிசரணம் ஏற்றவன் ஒருவன், ஐந்து சீலம் எடுத்தவன் மற்றவன். மிச்ச ஆட்கள் விலங்குகளுக்குச் சமம் என்று சொல்லிக் கணக்கை முடிக்கிறார்கள்.

ஆக, ஒரே அத்தியாயத்தில் எதிரி அரசனுக்கு நினைவுச் சின்னமும் எதிரிச் சிப்பாய்க்கு மனிதக் கணக்கில் இடமின்மையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மரியாதை அரசனோடு நின்றுவிட்டது. அவனுக்குக் கீழே சண்டை பிடித்துச் செத்தவர்களை யார் எங்கே புதைத்தார்கள், எரித்தார்கள் என்று ஒரு வரியும் இல்லை.

சிப்பாய்க்கும் ஒரு கல்

இது மகாவம்சத்தின் குறை மட்டுமில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் இருந்தது. தமிழில் நடுகல் மரபு வேறு மாதிரி. தொல்காப்பியம் கல்லைக் கண்டு தெரிவதிலிருந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரைக்கும் படிப்படியாகச் சொல்கிறது. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த சாதாரண ஊர்வீரனுக்கும் அங்கே கல் இருந்தது. ஆனால் பெரிய அரசுகளின் பெரிய படைகளில், 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் தளபதிக்குச் சிலை, சிப்பாய்க்குப் பொதுக்குழி என்பதுதான் வழமை.

இன்றைக்கு இலங்கை உட்படப் பல நாடுகளில் நாங்கள் பார்க்கிற இராணுவ இறுதிச் சடங்கு பிரித்தானியப் படைகளிடமிருந்து வந்தது. அதன் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு அர்த்தம் உண்டு. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நடப்பது, ஆயுதத்துக்கு இனி வேலையில்லை என்பதற்காக. மூன்று தடவை வானை நோக்கிச் சுடுவது, முந்திய காலத்தில் இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்தித் தங்கள் பிணங்களை எடுத்து முடித்ததும் கொடுத்த சைகையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஊதுகுழலில் வாசிக்கும் 'லாஸ்ட் போஸ்ட்' முகாமில் அன்றைய நாள் முடிந்தது, காவல் சரி, படுக்கலாம் என்பதற்கான அறிவிப்பு. அதையே 19ஆம் நூற்றாண்டில் புதைகுழிக்குப் பக்கத்திலும் வாசிக்கத் தொடங்கினார்கள். செத்தவனைப் பார்த்து, 'உன் காவல் நேரம் முடிஞ்சுது, நீ படு' என்று சொல்வது போல.

போகிறவர்களுக்கும் ஒழுங்கு இருக்கிறது. பெட்டி வருவதற்கு முன்னரே வந்துவிட வேண்டும். பெட்டி கடக்கும்போது எழும்பி நிற்க வேண்டும். சீருடை போட்டவர்தான் சல்யூட் அடிப்பார்; சீருடை இல்லாதவர் தொப்பி இருந்தால் கழற்றி, கையை ஒடுக்கி, அசையாமல் நின்றால் போதும். ஊதுகுழல் வாசிக்கும்போது கதைக்கக்கூடாது, கைதட்டக்கூடாது. பெட்டியின் மேல் போர்த்திய கொடியை மடித்து மிக நெருங்கிய உறவிடம் கொடுப்பார்கள். எத்தனை மந்திரி, எத்தனை ஜெனரல் வந்திருந்தாலும் அந்த நேரத்தில் முதலிடம் அந்தத் தாய்க்கு, அல்லது மனைவிக்கு. இந்தச் சடங்கில் பார்வையாளரிடம் எதிர்பார்க்கப்படும் எல்லாமே ஒன்றைச் செய்யாமல் விடுவதுதான் என்பதைக் கவனியுங்கள். பேசாதே, ஆடாதே, முந்தாதே. துட்டகைமுனு சொன்ன அதே 'பறையை நிறுத்து'.

இந்த மரியாதை கடைநிலைச் சிப்பாய் வரைக்கும் இறங்கியது முதலாம் உலகப் போரில்தான். 1917 மே மாதத்தில் அரச சாசனம் ஒன்றின் மூலம் ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணைக்குழு உருவானது. பின்னால் நின்றவர் பேபியன் வேர். ஆணைக்குழு எடுத்த முடிவு அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவக் கல். காசுள்ள குடும்பம் பெரிய பளிங்குக் கல் வைக்க முடியாது. உடலைத் தனியாக ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. பிரபுவின் மகனும் பண்ணைக் கூலியும் பக்கத்தில் பக்கத்தில்.

ஆனால் வெள்ளைக்காரனின் சமத்துவத்தையும் நாங்கள் சும்மா விடக்கூடாது. அந்த ஆணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதலாம் போரில் இறந்த ஆசிய, ஆபிரிக்கப் படையினர் 45,000 முதல் 54,000 பேர் வரையில் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டதாக ஒத்துக்கொண்டது. அதற்கு மேலே, குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. அந்தத் தொகை 3,50,000 வரைக்கும் போகலாம் என்றும் சொன்னது.

இலங்கையிலும் அந்தக் காலத்திலேயே இது பிரச்சினையாகியிருக்கிறது. நவம்பர் 11இல் பொப்பிப் பூ விற்றுச் சேர்த்த காசில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போகிறது, உள்ளூர் முன்னாள் படையினருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று 1931இல் தொடங்கியதுதான் 'சூரிய மல்' இயக்கம். 1933இலிருந்து இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பாக மாற்றினார்கள். யாருடைய சாவுக்குப் பூ, யாருடைய சாவுக்கு வெறும் தெரு என்ற கேள்வியை இந்தத் தீவின் இளைஞர்கள் தொண்ணூறு வருசத்துக்கு முதலே கேட்டிருக்கிறார்கள்.

எதிரியின் பெட்டியைத் தூக்கியவர்கள்

ஒரு படையின் ஒழுக்கம் தன் ஆளைப் புதைக்கும்போது தெரியாது. அது எவனும் செய்வான். 1918 ஏப்ரலில் ஜேர்மன் விமானி மான்பிரட் வொன் ரிக்தோபன் பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டார். எண்பது விமானங்களை வீழ்த்தியவர் என்று கணக்கு வைக்கப்பட்டவர். அவரால் செத்தவர்களின் தோழர்களே அவரை பெர்தாங்கிள் என்ற கிராமத்துச் சவக்காலையில் புதைத்தார்கள். அவுஸ்திரேலிய விமானப் படை அதிகாரிகள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். மரியாதை வேட்டும் தீர்க்கப்பட்டது.

ரிக்தோபன் ஒரு பிரபு, பேர்போன ஆள். எல்லாளன் மாதிரி. அதனால் இதைவிடக் கடினமான உதாரணம் சிட்னி. 1942 மே 31 இரவு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்து தாக்கின. குட்டாபுல் என்ற கப்பலில் இருந்த 21 கடற்படையினர் செத்தார்கள். சில நாட்களில் இரண்டு நீர்மூழ்கிகள் தூக்கப்பட்டு, உள்ளே இருந்த நான்கு ஜப்பானியரின் உடல்களும் எடுக்கப்பட்டன. துறைமுகத்துக்குப் பொறுப்பாக இருந்த றியர் அட்மிரல் முயர்ஹெட்-கோல்ட் முழுக் கடற்படை மரியாதையோடு அவர்களைத் தகனம் செய்ய உத்தரவிட்டார். பெட்டிகளின் மேல் ஜப்பானியக் கொடி. சொந்தப் பெடியளின் ஈமக்கடன் முடிந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்காது. ஊர் கொதித்தது. அவரோ வானொலியில் பேசி, இப்படி ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஏறி வருவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சல் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். அந்த வருசமே அஸ்தி ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

1949இன் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, 17ஆம் உறுப்புரையில் இதைச் சட்டமாகவே எழுதியது. செத்த எதிரியைக் கௌரவமாகப் புதைக்க வேண்டும், முடிந்தால் அவருடைய மத முறைப்படி. கல்லறைகள் மதிக்கப்பட வேண்டும், பராமரிக்கப்பட வேண்டும், எப்போதும் கண்டுபிடிக்கக்கூடியவாறு அடையாளம் இடப்பட வேண்டும். இலங்கை 1959இல் இந்த உடன்படிக்கைகளை ஏற்றது. நாடுகளுக்கிடையிலான போருக்குத்தானே அந்த உறுப்புரை என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரி. ஆனால் செத்தவரைக் கௌரவமாக அடக்கம் செய்து அவர் கல்லறையை மதிக்க வேண்டும் என்பது உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் வழக்காற்று விதி என்று செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தொகுத்து வைத்திருக்கிறது.

எங்கட காலத்தில்

இனி எங்கட போருக்கு வருவோம். தெற்கில் சிப்பாயின் உடல் வரும் கிராமங்களில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். பெட்டி பல வேளைகளில் முத்திரையிட்டு வந்தது, திறக்க வேண்டாம் என்ற கட்டளையோடு. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படம் (1997) இதைத்தான் பேசியது. கண் தெரியாத ஒரு தகப்பன், அந்தப் பெட்டிக்குள் தன் மகன் இருக்கிறான் என்று நம்ப மறுக்கிறார். கடைசியில் குழியைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே வாழைத்தண்டும் கல்லும். 2000இல் அரசாங்கம் படத்தைத் தடைசெய்தது. அடுத்த வருசம் உச்ச நீதிமன்றம் மூலமாகத்தான் அது வெளியில் வந்தது. மரியாதை வேட்டு, கொடி, வாத்தியம் எல்லாம் இருந்தும் உடல் இல்லாவிட்டால் அது என்ன செத்தவீடு என்று ஒரு சிங்களக் கலைஞர் கேட்டார். வடக்கில் எத்தனையோ தாய்மார் அந்தக் கேள்வியை வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வடக்கு கிழக்கில் இயக்கம் தன் சடங்கை உருவாக்கியது. 1989இலிருந்து நவம்பர் 27 மாவீரர் நாள். எரிப்பதே வழக்கமான சைவக் குடும்பங்களின் பிள்ளைகளும் துயிலும் இல்லங்களில் புதைக்கப்பட்டார்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கல்லறைகள். உடல் கிடைக்காதவருக்கு நடுகல். பிரித்தானிய ஆணைக்குழுவின் சமக் கல்லும், தமிழின் பழைய நடுகல்லும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. இயக்கத்தின் அரசியலோடு உடன்படாதவர்களும், கட்டாயமாகப் பிடித்துக்கொண்டுபோன பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும்கூட அந்தக் கல்லுக்கு முன்னால்தான் இருந்து அழுதார்கள். அவையளுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

அந்த இடமும் போனது. 1995இல் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் வந்த பிறகு கோப்பாய்த் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டது. 2002 போர் நிறுத்தத்தில் திரும்பக் கட்டினார்கள். 2009க்குப் பிறகு அது மறுபடியும் புல்டோசரால் தள்ளப்பட்டு, 2011இல் அதே காணியில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. வென்ற படை தோற்ற படையின் சவக்காலைக்கு மேல் முகாம் கட்டியது. இத்தனைக்கும் இதே நாட்டில், இங்கே வந்து சண்டை பிடித்துச் செத்த இந்திய அமைதிப் படையினருக்குக் கோட்டேயிலும் பலாலியிலும் நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. எப்படி மரியாதை செய்வது என்று தெரியாமல் இல்லை.

எங்கட பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1986இல் டெலோ இயக்கத்துப் பெடியளை புலிகள் கொன்றபோது, யாழ்ப்பாணத் தெருச் சந்தியில் உடல்கள் எரிந்தன. அவர்களும் இதே சனத்துக்காகத்தான் வீட்டை விட்டுப் போனவர்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, விளக்கும் இல்லை. தாய்மார் சத்தமாக அழக்கூடப் பயந்தார்கள். எங்கட ஒன்றரை மனிதக் கணக்கு அது. எதிரியின் கல்லறையை இடித்தவனைக் கேள்வி கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆனால் எங்கட சந்தியில் எரிந்தவனுக்கும் சேர்த்து அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அது நியாயமாக நிற்கும்.

இறந்தவருக்கு மரியாதை செய்தால் போரைப் போற்றியதாகிவிடாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் இவ்வளவு நேரமும் பார்த்த ஒழுங்குகளை எண்ணிப் பாருங்கள். வாத்தியத்தை நிறுத்துவது, பல்லக்கை விட்டு இறங்குவது, எழும்பி நிற்பது, தாய்க்கு முதலிடம் விடுவது. இதில் ஒன்றிலாவது போரைப் புகழும் சொல் இருக்கிறதா? போற்றுவது ஒலிபெருக்கியில் நடக்கிறது, மேடையில் நடக்கிறது, தேர்தல் கால மாலையில் நடக்கிறது. நவம்பர் 27இல் யார் முதல் சுடர் ஏற்றுவது என்று கட்சிக்காரர் அடிபடும்போதும், மே மாதத்தில் பீரங்கி வண்டிகளை ஓட்டி வெற்றி கொண்டாடும்போதும், உடைவது செத்தவீட்டின் முதல் சட்டம்தான்.

ஆக, எங்களுக்கென்று ஒரு ஒழுங்கை எழுதிக்கொள்வதென்றால் அது பெரிதாக இருக்கத் தேவையில்லை. யாருடைய சீருடையென்றாலும் உடலுக்கு முன்னால் வாயை மூடுவது. அந்த வீட்டுக்காரர் அழுவதற்கு நீதிமன்றக் கட்டளையோ பொலிஸ் அனுமதியோ வேண்டாம் என்று நிற்பது. 2020 நவம்பரில் பல ஊர்களில் அந்தத் தடைக் கட்டளைகளைத்தான் கையில் கொடுத்தார்கள். கமராவைப் பைக்குள் வைப்பது. மைக்கை அரசியல்வாதிக்குக் கொடுக்காமல் விடுவது. குருநாகலில் ஒரு சிப்பாயின் தாய் வெள்ளைக் கொடிக்குக் கீழே இருக்கிறாள் என்றால், அவளும் எங்கட செத்தவீட்டுச் சட்டத்துக்குள் வருகிறாள் என்று ஒத்துக்கொள்வது. இது கடைசிதான், ஆனால் கஷ்டமானது.

எல்லாளன் சமாதி என்று சனம் நூற்றாண்டுகளாகக் கும்பிட்ட மேடு உண்மையில் தக்கிண தூபி என்று பரணவிதான சொன்ன பிறகு, இன்றைக்கு அநுராதபுரத்தில் எந்த இடத்தில் இறங்குவது என்று யாருக்கும் நிச்சயமில்லை. எங்கட ஊர்களிலும் அப்படித்தான். கல்லைப் பிடுங்கிய காணிகளில் எந்தப் பிள்ளை எந்த வரிசையில் கிடந்தது என்று இனிக் காட்ட ஏலாது. 2016இல் கிளிநொச்சி கனகபுரத்தில் சனம் பற்றையை வெட்டித் துப்புரவாக்கி விளக்கேற்றியபோதும், பலர் குத்துமதிப்பாகத்தான் ஒரு இடத்தில் நின்றார்கள்.

இடம் தெரியவில்லை என்பது பிலிமத்தலாவைக்கு ஏறிக்கொள்ள ஒரு சாட்டாக இருக்கவில்லை. தெரியாததால் அவர் இன்னும் கொஞ்சத் தூரம் கூட நடந்தார்.